பின்பக்கம் படிக்கிற அண்ணி

அண்ணி எந்தப் பொட்டலத்தையும் முன்பக்கம் பார்த்து நான் கண்டதில்லை. கையில் வாங்கியதும் திருப்பிவிடுவார். சேமியாவோ பிஸ்கட்டோ, கல்யாண வீட்டில் கொடுத்த மிட்டாய்ப் பாக்கெட்டோ, எதுவானாலும் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், பொடி எழுத்தில் இருக்கும் அந்தச் சின்னக் கட்டத்தை மேலிருந்து கீழாகப் படித்து முடித்த பிறகுதான் பிரிப்பார்.

"முன்னால போட்டிருக்கறது அவங்க சொல்ல ஆசப்படறது. பின்னால போட்டிருக்கறது சொல்லியே ஆவணும்னு போட்டது" என்பார்.

அம்மாவுக்கு இது பிடிக்காது. அம்மாவுக்கு அண்ணியிடம் பிடிக்காதவை நிறைய. முதலாவது, அவர் எங்கள் வீட்டுக்கு வந்த விதம். அண்ணன் மீன் எடுத்துக்கொண்டு அனுப்பம்பட்டுப் பக்கம் போய்வந்த நாட்களில் பழகி, இரண்டு வீட்டுக்கும் சொல்லாமல் கட்டிக்கொண்ட கல்யாணம் அது. அண்ணி வீட்டார் நெல் விளைவிக்கிறவர்கள். ஏரியும் கடலும் தெரியாத பெண் பழவேற்காட்டு ஏரிக்கரையில் எங்கள் கோட்டைக்குப்பத்தில் என்னத்தைக் குடித்தனம் பண்ணுவாள் என்று அம்மா தெருவெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணி கொண்டுவந்த பெட்டியில் புடவைகளுக்கு அடியில் ஒரு பிளஸ் டூ பாடப் புத்தகம் இருந்தது. மனையியல் பாடம். அதன் கடைசிப் பக்கங்களில் எந்த உணவில் என்ன சத்து எவ்வளவு என்று நீள நீளமான பட்டியல்கள். அதையே கல்லூரியில் படிக்க நினைத்தவர். அவர் வீட்டில் அனுப்பவில்லை. நான் ஒருமுறை புரட்டிப் பார்த்தபோது மடவை மீனும் இறாலும் இருந்த வரிகளுக்குக் கீழே பென்சில் கோடு புதிதாக இருந்தது. கல்யாணமாகி வந்த பிறகு போட்ட கோடு.

யாராவது "இது நல்லதா?" என்று கேட்டால் அண்ணி உடனே பதில் சொல்ல மாட்டார். "யாருக்கு?" என்பார். அதற்குப் பதில் வந்ததும் "எவ்ளோ?" என்பார். இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரியாமல் எந்தச் சாப்பாட்டையும் நல்லது என்றோ கெட்டது என்றோ சொன்னதில்லை. தெருவில் சிலர் அவரை டாக்டரம்மா என்று கிண்டலாகக் கூப்பிடத் தொடங்கினார்கள். கூப்பிட்டவர்களே பிள்ளைக்கு வயிறு சரியில்லை என்றால் சாயங்காலம் வந்து நிற்பார்கள்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. சென்னையில் ஒரு பெரிய கடையில் வேலை. பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்குப் பஸ், அங்கிருந்து ரயில். காலையில் கிளம்பினால் பொழுது சாயும்போது வந்து சேர்வேன். தேதி முடியப்போகிற சாமான்களைக் கடையில் எங்களுக்கே கொடுத்துவிடுவார்கள். அவற்றை அண்ணியிடம்தான் கொண்டுவந்து கொடுப்பேன். எங்கள் வீட்டில் அவற்றைப் பார்த்து முகம் மலர்கிறவர் அவர் ஒருவர்தான்.

அப்படி ஒரு சனிக்கிழமை கெஃபீர் ஒரு பாட்டிலும் பீனட் பட்டர் ஒரு டப்பாவும் கிடைத்தன. பீனட் பட்டர் எங்களுக்குப் புரிந்தது, வறுத்த வேர்க்கடலையை வெண்ணெய்போல அரைத்தது. கெஃபீரை அதுவரை யாரும் பார்த்ததில்லை. பாலைப் புளிக்கவைத்ததுதான், ஆனால் தயிரில் இருப்பதைவிட அதிக வகை நுண்ணுயிர்கள் இருக்கும் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். கெட்டி மோர் மாதிரி ஊற்றலாம். நாக்கில் லேசாகச் சுறுசுறுவென்று இருக்கும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்து எல்லாரும் கூடத்தில் இருந்தோம். அண்ணி இரண்டையும் திருப்பி வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். எது அண்ணி சத்து என்று கேட்டேன்.

"யாருக்கு?"

"வாய்க்குத்தான். வேற யாருக்கு" என்றார் அம்மா. நைனா சிரித்தார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

அண்ணியும் சிரித்துவிட்டு, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். நூறு கிராமுக்குப் பார்த்தால் பீனட் பட்டரில் இருபத்தைந்து கிராம் புரதம், கெஃபீரில் மூன்றரைதான். அப்படியானால் பீனட் பட்டர்தான் ஜெயித்தது என்றேன் நான். அண்ணி எழுந்துபோய் ஒரு தட்டும் டம்ளரும் கொண்டுவந்தார். தட்டில் பீனட் பட்டர் இரண்டு ஸ்பூன் வைத்தார். டம்ளர் நிறைய கெஃபீர் ஊற்றினார்.

"நூறு கிராம் கடலையை ஒரே வேளையில துண்ணுவியா நீ? இவ்ளோதான் துண்ணுவ. இத குடிக்கும்போது ஒரு டம்ளர் குடிச்சிடுவ. இப்ப கணக்குப் போடு. ரெண்டு ஸ்பூன்ல எட்டு கிராம் புரதம். இந்த டம்ளர்ல ஏழு. ரெண்டும் ஒண்ணுதான் கிட்டத்தட்ட."

பிறகு மற்றதையெல்லாம் சொன்னார். பீனட் பட்டரில் பாதிக்குப் பாதி கொழுப்பு, நல்ல கொழுப்புதான், ஓடியாடுகிறவர்களுக்குத் தெம்பு கொடுக்கும். ஆனால் இந்த டப்பாவில் உப்பும் சர்க்கரையும் சேர்த்திருக்கிறார்கள். கெஃபீரில் தெம்பு குறைவு, சுண்ணாம்புச் சத்து அதிகம், பால் ஒத்துக்கொள்ளாதவர்களில் பல பேருக்கு இது ஒத்துக்கொள்ளும். கடைசியில் தட்டை என் பக்கமும் டம்ளரை அம்மா பக்கமும் நகர்த்தினார். ரயிலுக்கு ஓடுகிற எனக்கு அது, முட்டி வலிக்கிற அத்தைக்கு இது.

"புளிச்ச பாலு" என்று அம்மா முகத்தைச் சுளித்தார். டம்ளரைக் கீழே வைத்தபோது அதில் ஒரு சொட்டு இல்லை.

டப்பாவில் ஒட்டியிருந்ததை நைனா விரலால் வழித்துச் சாப்பிட்டார். அவருக்குப் பல் விழுந்து வருஷமாகியிருந்தது. ஏரிக்குப் போன காலத்தில் மடியில் வறுத்த கடலை இல்லாமல் படகில் ஏற மாட்டாராம். பல் போனதிலிருந்து அந்த ருசியே மறந்துபோச்சு என்றார். அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த மாதமும் ஒரு டப்பா கொண்டுவந்தேன்.

அந்த வருஷக் கடைசியில் நைனாவுக்குக் கால் வீங்கியது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். இரண்டு சிறுநீரகமும் பழுதாகிக்கொண்டு வருவதாகச் சொன்னார்கள். ரத்தத்தில் கிரியாட்டினின் என்று ஒன்று ஏறியிருந்தது. எங்கள் பக்கம் அதை உப்பு என்பார்கள். நைனாவுக்கு உப்பு ஏறிவிட்டது என்று ஊர் முழுக்கச் சொன்னோம். ஆஸ்பத்திரியில் கொடுத்த சாப்பாட்டுத் தாளை எங்களில் யாரும் முழுசாகப் படிக்கவில்லை. அண்ணி படித்தார். படித்துவிட்டு நைனாவின் சாப்பாட்டைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து நைனாவுக்குத் தனிச் சட்டி. கருவாடு கிடையாது. மீன் ஒரே ஒரு துண்டு. தக்காளி, வாழைப்பழம், இளநீர் எதுவும் கிடையாது. காய்கறியைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொல்லையில் ஊற்றிவிட்டுத் தாளிப்பார். வெந்த தண்ணீரைக் கொட்டக் கூடாது, அதில்தான் சத்து என்று தெருப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதே அண்ணிதான். இப்போது அவரே வேளைக்கு ஒரு சட்டித் தண்ணீரை வடித்து ஊற்றுவதை அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். குழாயடியில் போய்ச் சொன்னார்.

"சத்தெல்லாம் மண்ணுல ஊத்திட்டு என் வூட்டுக்காரருக்குச் சக்கையப் போடறா."

நைனா இளைத்தார். இளைப்பு நோயினால் என்று அண்ணி சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. நானும் வாங்கவில்லை. நான் கொண்டுவந்த பீனட் பட்டரையும் கெஃபீரையும் அண்ணி என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"மாமாவுக்கு இது ரெண்டுமே வேணாம் பாப்பா. நமக்கு எது சத்தோ அது அவருக்குப் பாரம். பொட்டாசியம்னு ஒண்ணு, பாஸ்பரஸ்னு ஒண்ணு. அவரு கிட்னி அத வெளிய தள்ளாது."

என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். நான் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். நீங்கள் சொன்ன பேரெல்லாம் இதில் இல்லையே என்றேன். பின்பக்கத்திலும் போடாதது சில இருக்கிறது, புத்தகத்தில்தான் இருக்கும் என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது. ஒரு கிழவர் ஒரு கரண்டி கடலையை நக்குவதற்குப் புத்தகமா?

"உங்க நைனாவா இருந்தா இப்பிடிக் காயப்போடுவீங்களா அண்ணி?" என்று கேட்டேன்.

அடுப்பில் சுரைக்காய் வெந்துகொண்டிருந்தது. அண்ணி சட்டியை இறக்கினார். தட்டை வைத்துத் தண்ணீரை வடித்தார். ஆவியில் முகம் தெரியவில்லை.

"மாமா இருக்கணும் பாப்பா" என்றார்.

அந்த வாரமே நான் திருட்டுத்தனம் ஆரம்பித்தேன். நைனாதான் கேட்டார். "ஒரே ஒரு கரண்டி கண்ணு. நாக்கு செத்துப்போச்சு." சாயங்காலம் நான் வந்து சேரும் நேரத்தில் அண்ணி தண்ணீர் பிடிக்கப் போயிருப்பார், அம்மா மீன் விற்றுத் திரும்பியிருக்க மாட்டார். கட்டிலுக்கு அடியில் இருந்த வலைப் பெட்டிக்குப் பின்னால் டப்பாவை மறைத்து வைத்தேன். ஒரு கரண்டி இரண்டாகி மூன்றாயிற்று. வெயில் காலத்தில் கெஃபீரும் கொண்டுவந்து, குளிர்ச்சி போவதற்குள் குடிக்கக் கொடுத்தேன். பாட்டிலைப் பையிலேயே திரும்ப எடுத்துப்போய் ரயில் நிலையத்தில் போட்டுவிடுவேன்.

"என் பொண்ணு ஒருத்திதான் என்னப் பாக்குது" என்று நைனா என் தலையைத் தடவுவார். அந்தப் பேச்சுக்காகவே நான் வேலையிலிருந்து ஓடி வந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. மூன்று மாதம் இது நடந்தது.

ஒவ்வொரு முறையும் நைனாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறவர் அண்ணிதான். ஒருமுறை பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்த பிறகு, ரிப்போர்ட்டை மட்டும் வேலைக்குப் போகும் வழியில் நான் வாங்கி டாக்டரிடம் காட்டினேன். டாக்டர் பழைய தாள்களையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்று கேட்டார். அண்ணி என்றேன்.

"அவங்க பாத்துக்கிட்டதாலதான் இவ்வளவு நாள் டயாலிசிஸ் இல்லாம வண்டி ஓடுச்சு. அவங்ககிட்ட சொல்லுங்க" என்றார். பிறகு ஒரு வரியில் விரலை வைத்தார். "ஆனா இந்த தடவை பொட்டாசியம் ஏறியிருக்கு. புதுசா ஏதாவது சாப்பிட்டாரா?"

நான் தெரியவில்லை என்றேன்.

பொட்டாசியத்தை இறக்க ஒரு பொடி எழுதிக் கொடுத்து, ஒரு வாரத்தில் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும், ஆளை நேரில் கூட்டிவாருங்கள் என்றார். பஸ்ஸில் வரும்போது அண்ணியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து பொடியைக் கொடுத்தேன், ஒரு வாரத்தில் வரச் சொன்னார்கள் என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது. டாக்டர் அண்ணியைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தையைக்கூடச் சொல்லவில்லை. அதைச் சொன்னால் அடுத்த கேள்வியையும் சொல்ல வேண்டியிருக்குமே என்று பயம்.

கரண்டியை அன்றோடு நிறுத்தினேன். நைனா கையை நீட்டுவதைப் பார்க்க முடியாமல், வேண்டுமென்றே ஒரு ரயில் தள்ளி வந்தேன். ஆறாம் நாள் காலை, முகம் கழுவ எழுந்த நைனா அப்படியே உட்கார்ந்தார். நெஞ்சு நின்றுபோய்விட்டது. பொட்டாசியம் ஏறினால் நெஞ்சு அப்படி நின்றுபோகலாம் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நான் கொடுத்ததால்தான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. இல்லை என்று சொல்லவும் யாரையும் நான் கேட்கவில்லை.

கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அம்மா என் தோளில் சாய்ந்து ஒப்பாரி வைத்தார். "ஏரிய ஆண்ட ராசாவப் பச்சத் தண்ணியில வெந்ததப் போட்டுப் பட்டினியில அனுப்பிட்டாளே" என்று சொல்லி அழுதார். உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் திரும்பி அண்ணியைப் பார்த்தார்கள். அண்ணி கதவு ஓரத்தில் நின்றிருந்தார். அவர் பார்த்தது என்னை. நான் அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அம்மா அண்ணி கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. தெருவிலும் யாரும் பிள்ளைக்கு வயிறு சரியில்லை என்று வந்து நிற்கவில்லை. மாமனாரைப் பட்டினி போட்டவள் என்ற பேச்சு பசியாவரம் வரைக்கும் போயிற்று. அந்தத் தீவுக்காரி ஒருத்தி படகில் வரும்போது என்னிடமே கேட்டாள், உங்க அண்ணி அப்படியாமே என்று. நான் ஏரியைப் பார்த்தேன்.

அண்ணி பொட்டலங்களைத் திருப்புவதை விட்டுவிட்டார். நான் கொண்டுவந்ததை வாங்கி அப்படியே அலமாரியில் வைப்பார். எது நல்லது என்று கேட்டால், உனக்கு எது பிடிக்குதோ அது பாப்பா என்பார். நான்கு மாதம் பொறுத்துவிட்டு அண்ணன் படகை விட்டு ஏதோ கம்பெனி வேலைக்குச் சேர்ந்து, அனுப்பம்பட்டில் வாடகைக்கு வீடு பார்த்து அவரைக் கூட்டிக்கொண்டு போனான். போகும்போது அண்ணி அம்மாவின் காலைத் தொட்டார். அம்மா காலை இழுத்துக்கொண்டார்.

இதெல்லாம் நடந்து எட்டு வருஷம் இருக்கும். அம்மாவிடம் சொல்ல எனக்கு எட்டு வருஷம் இருந்தது. எத்தனையோ முறை பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறேன். அம்மா நைனாவின் பேச்சை எடுப்பார், எடுத்ததும் அண்ணியைத் திட்டுவார், நான் எழுந்து போய்விடுவேன். போன தை மாதம் அம்மா போய்ச் சேர்ந்தார். அண்ணி வந்தார். கதவு ஓரத்தில் நின்றார். அம்மாவை எடுத்ததும் கிளம்பிவிட்டார்.

முப்பதாம் நாள் காரியம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அனுப்பம்பட்டுக்குப் போனேன். அண்ணன் வீட்டில் இல்லை. அண்ணி ஒரு பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறார் என்று தெரியும். தலை முன்பக்கம் நரைத்திருந்தது. பாய் போட்டு உட்காரச் சொன்னார். நான் உட்காராமலேயே ஆரம்பித்தேன். டாக்டர் சொன்ன வார்த்தையை முதலில் சொன்னேன். உங்களால்தான் நைனா அவ்வளவு நாள் இருந்தார் என்று சொன்னார் அண்ணி, உங்களிடம் சொல்லச் சொன்னார், நான் சொல்லவில்லை என்றேன். பிறகு கரண்டியைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போது அழுதேன். அண்ணி அழவில்லை.

"தெரியும் பாப்பா" என்றார்.

நைனாவின் கட்டிலை வெளியே எடுத்துப் போட்ட அன்றைக்கே வலைப் பெட்டிக்குப் பின்னால் அந்த டப்பா அவர் கையில் கிடைத்ததாம். கால்வாசி மீதி இருந்ததாம். அத்தை கண்ணில் படக் கூடாது என்று முந்தானையில் சுற்றி எடுத்துப்போய் ஏரிக்கரைச் சேற்றில் புதைத்துவிட்டு வந்தாராம்.

பாயில் உட்கார்ந்தேன். "ஏன் அண்ணி அப்பவே சொல்லல? என்னப் புடிச்சு எல்லார் முன்னாடியும் கேட்டிருக்கலாமே."

அண்ணியும் எதிரில் உட்கார்ந்தார்.

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன்" என்றார். "பதினாறு முடியட்டும்னு பாத்தேன். அப்புறம் நாங்க கெளம்பற அன்னிக்காவது சொல்லுவேன்னு பாத்தேன். மாமா ஆசையா துண்ணாரு, அதுக்கு ஒண்ணும் நான் உன்ன நோவல."

பிறகு கேட்டார். "அத்தைகிட்டயாவது சொன்னியா?"

இல்லை என்று தலையாட்டினேன். அப்போதுதான் அவர் முகம் மாறியது. எட்டு வருஷமாக அந்த ஒன்றையாவது நான் செய்திருப்பேன் என்று நினைத்திருக்கிறார். அம்மா செத்த வீட்டுக்கு வந்து கதவு ஓரத்தில் நின்றபோதும், அத்தை உண்மை தெரிந்துதான் கண்ணை மூடினார் என்று நினைத்துக்கொண்டே நின்றிருக்கிறார்.

சாப்பிடச் சொன்னார், சாப்பிட்டேன். ரயில் நிலையம் வரைக்கும் கூட வந்தார். வழியில் வயல் அறுப்பு முடிந்து கிடந்தது. அண்ணனுக்கு வேலை எப்படி என்று கேட்டேன், பரவாயில்லை என்றார். வண்டி வரும் சத்தம் கேட்டதும் என் பையை என்னிடம் கொடுத்தார்.

"போய்ட்டு வரேன் அண்ணி" என்றேன்.

அப்படிச் சொன்னால் எங்கள் பக்கம் யாரும் "வா" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க மாட்டார்கள். நான் படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, அதற்காக நின்றேன். அண்ணி தலையை மட்டும் ஆட்டினார். வண்டி நகர்ந்தது.